சமுதாய நலச் செவிலியத்தில் மக்கள்தொகைக் கட்டமைப்பும் நோய்ச்சுமை அளவீடும்

மக்கள்தொகைக் கட்டமைப்பு (இலங்கை வழக்கு: குடித்தொகைக் கட்டமைப்பு) என்பது, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் வாழும் மக்கள் வயது, பால், தொழில், வாழிடம் முதலியவற்றின் அடிப்படையில் எவ்வாறு பகுக்கப்பட்டுள்ளனர் என்பதைக் குறிக்கும். நோய்ச்சுமை என்பது, நோய்களாலும் காயங்களாலும் அம்மக்கள் இழக்கும் உயிர்கள், வாழ்நாள், நலவாழ்வு ஆகியவற்றின் மொத்த அளவாகும். சமுதாய நலச் செவிலியம் தனி நோயாளியோடு நின்றுவிடாமல் ஊர் முழுவதையும் தன் பொறுப்பாகக் கொள்வதால், இவ்விரண்டையும் அளந்தறிவது அதன் அடிப்படைப் பணிகளுள் ஒன்றாகும்.

இவ்விரண்டும் ஒன்றோடொன்று நெருங்கிய தொடர்புடையவை. ஓர் ஊரில் எத்தனை பேர் இறந்தனர் என்ற எண்ணிக்கை மட்டும் அவ்வூரின் நலநிலையைக் காட்டாது. அங்கு எத்தனை குழந்தைகள், எத்தனை முதியோர் வாழ்கின்றனர் என்பது தெரிந்த பின்னரே அந்த எண்ணிக்கைக்குப் பொருள் கிடைக்கிறது.

மக்கள்தொகைக் கட்டமைப்பின் கூறுகள்

வயதும் பாலும் மக்கள்தொகைக் கட்டமைப்பின் முதன்மையான கூறுகளாகும். இவற்றை ஒரே படத்தில் காட்டுவதற்கு மக்கள்தொகைக் கூம்பகம் பயன்படுகிறது. இதில் ஐந்தைந்து வயதுப் பிரிவுகள் கிடைப் பட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். இடப்புறம் ஆண்களும் வலப்புறம் பெண்களும் காட்டப்படுவது வழக்கம். கூம்பகத்தின் வடிவம் மூன்று வகைப்படும்.

- விரியும் கூம்பகம்: அடிப்பகுதி அகன்றும் உச்சி குறுகியும் இருக்கும். பிறப்பு வீதம் மிகுந்த சமுதாயங்களில் இவ்வடிவம் காணப்படும்.
- நிலைத்த கூம்பகம்: அடியிலிருந்து நடுப்பகுதி வரை ஏறத்தாழ ஒரே அகலத்தில் இருக்கும்.
- சுருங்கும் கூம்பகம்: அடிப்பகுதி நடுப்பகுதியைவிடக் குறுகியிருக்கும். பிறப்புகள் குறைந்து முதியோர் பெருகும் சமுதாயங்களில் இது தோன்றும்.

ஒரே நாட்டினுள்ளும் இவ்வடிவங்கள் வேறுபடலாம். 2020 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறைமைத் தரவுகளின்படி, மொத்தக் கருவள வீதம் பீகாரில் 3.0 ஆகவும் தமிழ்நாட்டில் 1.4 ஆகவும் இருந்தது. ஆகவே, பீகாரின் கூம்பகத்துக்கு அகன்ற அடியும், தமிழ்நாட்டின் கூம்பகத்துக்குச் சுருங்கிய அடியும் அமைகின்றன.

கட்டமைப்பைச் சுருக்கமாகக் கூறும் அளவைகளும் உள்ளன. சார்ந்திருப்போர் விகிதம் என்பது 15 வயதுக்குட்பட்டோரும் 60 வயதும் அதற்கு மேலும் உடையோரும் சேர்ந்து, 15 முதல் 59 வயது வரையுள்ள ஒவ்வொரு 100 பேருக்கும் எத்தனை பேர் உள்ளனர் என்பதாகும். பால் விகிதம் இந்தியாவில் 1000 ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்று கணக்கிடப்படுகிறது. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இது இந்தியாவில் 943, தமிழ்நாட்டில் 996, கேரளத்தில் 1084 ஆகும். பல நாடுகளில் இது 100 பெண்களுக்கு எத்தனை ஆண்கள் என்று தலைகீழாகக் கணக்கிடப்படுவதால், நாடுகளை ஒப்பிடும்போது கவனம் தேவை.

வரலாறு

இறப்புகளை எண்ணி ஆராயும் முறை இலண்டனில் தொடங்கியது எனலாம். அந்நகரில் வாரந்தோறும் வெளியிடப்பட்ட இறப்புப் பட்டியல்களை ஆராய்ந்து, சோன் கிராண்ட் 1662 இல் ஒரு நூலை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார், இங்கிலாந்தின் பொதுப் பதிவு அலுவலகத்தில் இறப்புக் காரணங்களை வகைப்படுத்தும் முறைகளை வளர்த்தெடுத்தார்.

செவிலியத்துக்கும் புள்ளியியலுக்கும் உள்ள தொடர்பு புளோரன்ஸ் நைட்டிங்கேலிடமிருந்து தொடங்குகிறது. கிரிமியப் போரில் பிரித்தானியப் படைவீரர்கள் போர்க்காயங்களைவிடத் தடுக்கக்கூடிய நோய்களாலேயே மிகுதியாக இறந்தனர் என்பதை 1858 இல் அவர் வரைபடங்கள் மூலம் காட்டினார். அவர் செய்த மற்றோர் ஒப்பீடு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. அமைதிக்காலத்தில், தாய்நாட்டுப் படைமுகாம்களில் வாழ்ந்த வீரர்களின் இறப்பு வீதத்தை, அதே வயதுடைய பொதுமக்களுள் ஆண்களின் இறப்பு வீதத்தோடு அவர் ஒப்பிட்டார். உடல்தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்வீரர்கள் ஏறத்தாழ இருமடங்கு வீதத்தில் இறந்துகொண்டிருந்தனர். முழு மக்கள்தொகையோடு ஒப்பிட்டிருந்தால் குழந்தைகள், முதியோர் ஆகியோரின் இறப்புகளில் இவ்வேறுபாடு மறைந்துபோயிருக்கும். ஒத்த வயதினரை ஒப்பிட்டதனாலேயே முகாம்களின் சீர்கேடு வெளிப்பட்டது. 1858 இல் அவர் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

அடிப்படை அளவைகள்

நோய்ச்சுமையின் அளவைகள் யாவும் தொகுதி, பகுதி, காலம் என்ற மூன்று கூறுகளைக் கொண்டவை. தொகுதி என்பது நிகழ்வுகளின் எண்ணிக்கை. பகுதி என்பது அந்நிகழ்வுக்கு உள்ளாகக்கூடிய மக்களின் எண்ணிக்கை.

இறப்பு அளவைகள்

- செப்பனிடப்படாத இறப்பு வீதம்: ஓராண்டில் நிகழ்ந்த இறப்புகளை, ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து, 1000 ஆல் பெருக்கினால் கிடைப்பது. வயது வேறுபாடு கருதப்படாததால் இப்பெயர் பெற்றது.
- வயதுசார் இறப்பு வீதம்: ஒரு குறிப்பிட்ட வயதுப் பிரிவின் இறப்புகளை அதே பிரிவின் மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது.
- சிசு இறப்பு வீதம்: 1000 உயிர்ப்பிறப்புகளுக்கு, ஒரு வயது நிரம்புமுன் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை.
- தாய் இறப்பு விகிதம்: 1,00,000 உயிர்ப்பிறப்புகளுக்கு, கருவுற்ற காலத்திலோ கருமுடிவுற்ற 42 நாட்களுக்குள்ளோ அதன் தொடர்பான காரணங்களால் இறக்கும் பெண்களின் எண்ணிக்கை.
- நோயாளர் இறப்பு விகிதம்: ஒரு நோய் கண்டவர்களுள் அந்நோயால் இறப்போரின் நூற்றுவீதம். அறிகுறிகள் தோன்றிய வெறிநாய்க்கடி நோயில் இது ஏறத்தாழ 100 ஆகும்.

நோயுறுதல் அளவைகள்

- நோய் நிகழ்வு வீதம்: ஒரு காலப்பகுதியில் புதிதாக நோயுற்றோர் எத்தனை பேர் என்பதைக் காட்டும்.
- நோய் இருப்பு வீதம்: ஒரு காலத்தில் புதியவரும் பழையவருமாக நோயோடு வாழ்வோர் எத்தனை பேர் என்பதைக் காட்டும்.

இவ்விரண்டையும் ஒரு நீர்த்தொட்டியைக் கொண்டு விளக்குவதுண்டு. குழாயிலிருந்து விழும் நீர் நிகழ்வு; தொட்டியில் நிற்கும் நீர் இருப்பு. குணமடைதலும் இறப்பும் வெளியேறும் வழிகள். நிலைமை சீராக இருக்கும்போது, இருப்பு என்பது நிகழ்வையும் நோய் நீடிக்கும் காலத்தையும் பெருக்கியதற்கு ஏறத்தாழச் சமமாகும்.

இதனால், இருப்பு வீதம் உயர்வது எப்போதும் தீய அறிகுறியாகாது. இந்தியாவில் எச்.ஐ.வி தொற்றுக்கான இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. இத்தகைய சிகிச்சை நோயை முற்றிலும் நீக்குவதில்லை, இறப்பைத் தடுக்கிறது. எனவே புதிய தொற்றுகள் குறையும்போதும் தொற்றோடு வாழ்வோரின் எண்ணிக்கை குறையாமல் நிற்கலாம். அவ்வாறே, ஒரு செவிலியர் வீடுவீடாகச் சென்று குருதியழுத்தத்தை அளக்கத் தொடங்கினால், பதிவேட்டில் நோயாளர் தொகை விரைவாக உயரும். நோய் அங்கு முன்னரே இருந்தது, அப்போதுதான் கண்டறியப்படுகிறது.

வயதுக் கட்டமைப்பின் தாக்கம்

மாதிரிப் பதிவு முறைமையின் 2020 ஆம் ஆண்டுத் தரவுகளின்படி, செப்பனிடப்படாத இறப்பு வீதம் கேரளத்தில் 7.0 ஆகவும் பீகாரில் 5.4 ஆகவும் இருந்தது. இதை மட்டும் காண்போர், பீகார் மக்களே கூடிய நலத்தோடு வாழ்கின்றனர் என்று கருதக்கூடும். ஆனால் அதே ஆண்டில் சிசு இறப்பு வீதம் கேரளத்தில் 6, பீகாரில் 27 ஆகும். முரண்பாட்டுக்குக் காரணம் வயதுக் கட்டமைப்பு ஆகும். 2011 இல் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் கேரள மக்கள்தொகையில் 12.6 விழுக்காடாகவும், பீகாரில் 7.4 விழுக்காடாகவும் இருந்தனர். குழந்தைகளைக் காப்பாற்றி முதுமை வரை வாழவைத்த சமுதாயத்தில் முதியோர் மிகுதி. எனவே ஆண்டுதோறும் இறப்போரும் மிகுதி.

வயதுச் சீராக்கம்

இத்தகைய ஒப்பீடுகளில் நேரும் பிழையை நீக்குவதற்கு வயதுச் சீராக்கம் செய்யப்படுகிறது. எடுத்துக்காட்டாக, தலா 5000 பேர் வாழும் இரு கற்பனை ஊர்களைக் கொள்வோம்.

ஊர் அ
- 0–14 வயது: 1500 பேர், 6 இறப்புகள் (ஆயிரத்துக்கு 4)
- 15–59 வயது: 3000 பேர், 12 இறப்புகள் (ஆயிரத்துக்கு 4)
- 60 வயதும் மேலும்: 500 பேர், 20 இறப்புகள் (ஆயிரத்துக்கு 40)
- மொத்தம்: 38 இறப்புகள், செப்பனிடப்படாத இறப்பு வீதம் 7.6

ஊர் ஆ
- 0–14 வயது: 1000 பேர், 2 இறப்புகள் (ஆயிரத்துக்கு 2)
- 15–59 வயது: 3000 பேர், 9 இறப்புகள் (ஆயிரத்துக்கு 3)
- 60 வயதும் மேலும்: 1000 பேர், 36 இறப்புகள் (ஆயிரத்துக்கு 36)
- மொத்தம்: 47 இறப்புகள், செப்பனிடப்படாத இறப்பு வீதம் 9.4

ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் ஊர் ஆ குறைந்த இறப்பு வீதத்தையே கொண்டுள்ளது. எனினும் மொத்த வீதம் அங்கே கூடுதலாகத் தெரிகிறது. இப்போது இரண்டு ஊர்களின் மக்களையும் சேர்த்து 10,000 பேர் கொண்ட ஒரு பொது மக்கள்தொகையை அமைக்கலாம். அதில் மூன்று பிரிவுகளிலும் முறையே 2500, 6000, 1500 பேர் இருப்பர். ஊர் அ வின் வயதுசார் வீதங்களை இதில் இட்டால் 10 + 24 + 60 = 94 இறப்புகள் கிடைக்கும். ஊர் ஆ வின் வீதங்களை இட்டால் 5 + 18 + 54 = 77 இறப்புகள் கிடைக்கும். எனவே வயதுச் சீராக்கிய இறப்பு வீதம் ஊர் அ வுக்கு 9.4, ஊர் ஆ வுக்கு 7.7 ஆகும். ஒப்பீட்டின் முடிவு தலைகீழாக மாறிவிட்டது.

சீராக்கிய வீதம் ஒப்பீட்டுக்கு மட்டுமே உரியது. ஊர் ஆ வில் உண்மையில் 47 பேர் இறந்துள்ளனர்; முதியோருக்கான பராமரிப்பும் இறுதிக்காலக் கவனிப்பும் அங்கே கூடுதலாகத் தேவைப்படுகின்றன. இத்தேவைகளைத் திட்டமிடச் செப்பனிடப்படாத எண்களே உதவும்.

இயலாமை சரிசெய்த வாழ்நாள் ஆண்டு

இறப்புகளை மட்டும் எண்ணினால் இரண்டு செய்திகள் விடுபடுகின்றன. ஒன்று, எந்த வயதில் இறப்பு நேர்ந்தது என்பது. மற்றொன்று, உயிரைப் பறிக்காமல் வாழ்வை வருத்தும் நோய்கள். இவற்றையும் சேர்த்து அளப்பதற்காக உருவாக்கப்பட்டதே ஆங்கிலச் சுருக்கமான டாலி என்ற பெயரால் பரவலாக அறியப்படும் அளவையாகும். கிறித்தோபர் மரே, ஆலன் லோபசு ஆகியோர் முன்னின்று நடத்திய உலக நோய்ச்சுமை ஆய்வின் வழியாக இது வளர்ந்தது. உலக வங்கியின் 1993 ஆம் ஆண்டு உலக வளர்ச்சி அறிக்கை இதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

இவ்வளவை இரு பகுதிகளின் கூட்டுத்தொகை ஆகும்.

- இழந்த வாழ்நாள் ஆண்டுகள்: இறந்த வயதுக்குப் பின் வாழ்ந்திருக்கக்கூடிய ஆண்டுகள். நியம வாழ்நாள் அட்டவணை ஒன்றைக் கொண்டு கணக்கிடப்படும்.
- இயலாமையுடன் வாழ்ந்த ஆண்டுகள்: நோயுடன் வாழ்ந்த காலத்தை அந்நோயின் இயலாமை எடையால் பெருக்கிப் பெறுவது. முழுநலத்துக்கு எடை 0, இறப்புக்கு 1.

எடுத்துக்காட்டாக, இயலாமை எடை 0.2 உடைய ஒரு நோயுடன் 10 ஆண்டுகள் வாழ்ந்தவர் 2 நலவாழ்வு ஆண்டுகளை இழந்தவராகக் கொள்ளப்படுவார். கீழ்முதுகு வலி இறப்புக்குக் காரணமாவது அரிது. ஆயினும் உலக அளவில் இயலாமையுடன் வாழும் ஆண்டுகளுக்கு அதுவே முதன்மைக் காரணமாகக் கணிக்கப்பட்டுள்ளது. இறப்புப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது தென்படாது. இரத்தசோகையும் அத்தகையதே. 2019–21 இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள்.

விமர்சனங்கள்

தொடக்கத்தில் இவ்வளவையில் இளைஞர்களின் ஆண்டுகளுக்குக் கூடுதல் மதிப்பும், எதிர்கால ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 3 விழுக்காடு கழிவும் கொடுக்கப்பட்டன. குழந்தை, முதியவர் ஆகியோரின் ஓராண்டு ஏன் குறைந்த மதிப்புடையது என்ற வினா எழுந்தது. 2012 இல் வெளியான உலக நோய்ச்சுமை ஆய்வில் இவ்விரு முறைகளும் கைவிடப்பட்டன. இயலாமை எடைகளை முதலில் மருத்துவத் துறையினரே முடிவு செய்தனர். பின்னர் வங்காளதேசம், இந்தோனேசியா, பெரு, தன்சானியா, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளின் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. எனினும், சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரின் வாழ்வு சரிவுப்பாதை உள்ள நகரிலும் அது இல்லாத ஊரிலும் ஒரே எடை பெறுவது சரியா என்பது போன்ற வினாக்கள் தொடர்ந்து எழுப்பப்படுகின்றன.

இந்தியாவின் நோய்ச்சுமை மாற்றம்

மாநில அளவிலான நோய்ச்சுமை பற்றிய விரிவான ஆய்வு 2017 இல் வெளியானது. அதன்படி, இந்தியாவின் மொத்த நோய்ச்சுமையில் தொற்றுநோய்கள், பேறுகால, பச்சிளங்குழந்தை, ஊட்டக்குறை நோய்கள் ஆகியவற்றின் பங்கு 1990 இல் 61 விழுக்காடாக இருந்து 2016 இல் 33 விழுக்காடாகக் குறைந்தது. தொற்றா நோய்களின் பங்கு 30 இலிருந்து 55 விழுக்காடாக உயர்ந்தது. மக்களின் வயது கூடியதும் இம்மாற்றத்துக்குக் காரணங்களுள் ஒன்றாகும்.

இதற்கேற்பச் செவிலியப் பணியும் மாறுகிறது. தாய்சேய் நலத்தை மையமாகக் கொண்டிருந்த வீட்டுச் சந்திப்புகளில், இன்று நீரிழிவு, உயர் குருதியழுத்தம், நோய்த்தணிப்புப் பராமரிப்பு ஆகியனவும் இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகத்து 5 அன்று கிருட்டிணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

துணை சுகாதார நிலைய அளவில் கணக்கீடு

இந்தியாவில் சமவெளிப் பகுதிகளில் 5000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடியினர் பகுதிகளில் 3000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நியமமாகும். 5000 பேருக்குப் பொறுப்பான ஒரு கிராம சுகாதார செவிலியர், மாநில வீதங்களைக் கொண்டு தம் பணியை முன்கூட்டியே மதிப்பிடலாம். தமிழ்நாட்டின் 2020 ஆம் ஆண்டு வீதங்களின்படி கணக்கு பின்வருமாறு அமையும்.

- பிறப்பு வீதம் 13.8: ஆண்டுக்கு ஏறத்தாழ 69 பிறப்புகள்
- இறப்பு வீதம் 6.1: ஆண்டுக்கு ஏறத்தாழ 30 இறப்புகள்
- சிசு இறப்பு வீதம் 13: ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சிசு இறப்பு
- தாய் இறப்பு விகிதம் 54 (2018–20): ஏறத்தாழ 27 ஆண்டுகளுக்கு ஒரு தாய் இறப்பு

பதிவேட்டில் 40 பிறப்புகளே இருந்தால், ஊரில் பிறப்புகள் உண்மையிலேயே குறைந்தனவா, அன்றிச் சில கருவுற்ற பெண்கள் பதிவுக்கு வரவில்லையா என்று தேட வேண்டும். எதிர்பார்ப்பு எண்ணின் முதன்மைப் பயன் இதுவேயாகும்.

சிறிய மக்கள்தொகையில் அரிய நிகழ்வுகளுக்கு வீதம் கணக்கிடுவது பயன் தராது. ஓர் ஆண்டில் ஒரு சிசுவும் அடுத்த ஆண்டில் இரு சிசுக்களும் இறந்தால் வீதம் இருமடங்காகத் தோன்றும். அது தற்செயலாகவும் இருக்கலாம். பணிக்காலம் முழுவதிலும் ஒரு தாய் இறப்பை மட்டுமே காணக்கூடிய செவிலியருக்குத் தாய் இறப்பு விகிதம் ஒரு கருவியாகாது. அந்த ஒரே இறப்பு எவ்வாறு நேர்ந்தது, எங்கே காலம் தாழ்ந்தது என்று ஆராய்வதே பயன்தரும். தமிழ்நாட்டில் தாய் இறப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆராயப்படுவதன் அடிப்படை இதுவாகும்.

எண்ணப்படாதோர்

எல்லா அளவைகளும் பதிவுகளின் தரத்தைச் சார்ந்தவை. குறைபாடுகள் பல வழிகளில் நேர்கின்றன.

- தலைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், கருவுற்ற பெண் ஓர் ஊரிலும் பிறப்பு வேறோர் ஊரிலும் பதிவாகலாம். தொகுதியும் பகுதியும் வெவ்வேறு மக்களைக் குறித்தால் வீதம் பிழையாகும்.
- செங்கற்சூளை, கட்டுமானப் பணி ஆகியவற்றுக்காக இடம்பெயர்ந்தோர் சொந்த ஊரின் பட்டியலில் இருப்பர். வாழும் ஊரின் பட்டியலில் இருக்கமாட்டார்கள்.
- இந்தியாவில் 2020 இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கே மருத்துவச் சான்றுடன் கூடிய காரணம் கிடைத்தது.
- 2021 இல் நடைபெற வேண்டிய இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் ஒத்திவைக்கப்பட்டது. 2027 மார்ச் 1 ஐ மேற்கோள் நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 சூனில் அறிவிக்கை வெளியானது. இடைப்பட்ட ஆண்டுகளின் வீதங்கள் மதிப்பிடப்பட்ட மக்கள்தொகையைக் கொண்டே கணக்கிடப்பட்டன.

மருத்துவச் சான்று இல்லாத இறப்புகளுக்கு, இறந்தவரின் வீட்டாரிடம் அறிகுறிகளைக் கேட்டறிந்து காரணத்தைத் துணியும் சொல்வழி இறப்பாய்வு முறை பயன்படுகிறது. பாம்புக்கடி இறப்புகள் பற்றி இம்முறையில் செய்யப்பட்ட ஆய்வொன்று 2011 இல் வெளியானது. இந்தியாவில் 2005 இல் ஏறத்தாழ 45,900 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என அது மதிப்பிட்டது. இது மருத்துவமனைகளிலிருந்து கிடைத்த அரசுக் கணக்கைப் போல 30 மடங்குக்கும் கூடுதலாகும். கடியுண்டு இறந்தவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வெளியே இறந்ததால், அவர்கள் மருத்துவமனைக் கணக்கில் சேரவில்லை. கணக்கில் இல்லாத நோய்க்கு மருந்தும் பணியாளரும் ஒதுக்கப்படுவது அரிது.

செவிலியப் பணியில் பயன்பாடு

சமுதாய நலச் செவிலியர் ஒருவர் தம் பகுதியை அறியும்போது பின்வரும் வரிசை பின்பற்றப்படலாம்.

1. வீட்டுக் கணக்கெடுப்பின் மூலம் வயது, பால் வாரியாக மக்கள்தொகையை வகுத்தல். இடம்பெயர்ந்து வந்தோரையும் சேர்த்தல்.
2. மாநில வீதங்களைக் கொண்டு எதிர்பார்க்கப்படும் பிறப்பு, இறப்பு, நோயாளர் தொகையைக் கணித்தல்.
3. பதிவேட்டிலுள்ள தொகையை அதனோடு ஒப்பிட்டு, விடுபட்டோரைத் தேடுதல்.
4. பிற பகுதிகளோடு ஒப்பிடும்முன் வயதுக் கட்டமைப்பைக் கருத்திற்கொள்ளல்.
5. அரிய நிகழ்வுகளில் வீதத்தை விடுத்து ஒவ்வொரு நிகழ்வையும் தனியே ஆராய்தல்.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் செவிலியரையே பெரிதும் சார்ந்தவை. மாநில, தேசிய அளவைகளுக்கான தரவுகளில் பெரும்பகுதி, வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளரின் பதிவேடுகளிலும் நேர்காணல்களிலுமே தொடங்குகிறது. அங்கே விடுபட்ட ஒருவரைப் பின்னர் செய்யப்படும் எந்தச் சீராக்கமும் முழுமையாக மீட்டுத் தர இயலாது.